ஸ்டெல்லா வீட்டுக்கு நான் அரைத்த வேப்பிலை

போன வாரம் பள்ளிக்கூடம் திறந்தார்கள். எங்கள் காம்பவுண்டில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் மகள் ஜெனிஃபர் எல்.கே.ஜி. போனாள். நாலு வயது. டை, ஷூ, கழுத்தில் வாட்டர் பாட்டில்... மத்தியானம் திரும்பி வந்ததும் என்ன செய்தாள் தெரியுமா? ஷூவைக்கூடக் கழற்றவில்லை. அம்மா மடியில் ஏறி, முந்தானைக்குள் தலையை விட்டுப் பால் குடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"நாலு வயசாச்சுடி அதுக்கு. இன்னும் இன்னாடி பாலு?" என்றேன்.

"இன்னாக்கா பண்றது, வுட மாட்டேங்குது," என்றாள் ஸ்டெல்லா. சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகவில்லை.

"ஏ பி சி டி சொல்ற பொண்ணு. கிளாஸ்ல தெரிஞ்சா கை கொட்டி சிரிப்பாங்க. நீயும் எலும்பா கீற, கண்ணாடில பாத்தியா?"

ஸ்டெல்லாவின் முகம் மாறியது. பத்திரிகையில் எழுதுகிற அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற ஆள் அவள். பாவம்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தக் குழந்தை மேல் அக்கறையா? மண்ணாங்கட்டி. பொறாமை.

ஜெனிஃபர் குடிக்கும்போது அம்மாவின் சங்கிலியில் தொங்கும் சிலுவையை ஒரு கையால் திருகிக்கொண்டே இருப்பாள். ஒரு கால் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். உலகத்தில் ஒரு அவசரமும் கிடையாது இரண்டு பேருக்கும். நாலு வருஷமாகப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

என் மகள் கவிதா குடித்தது எத்தனை நாள்? மூன்று மாதம். அதற்குள் அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த தையல் கம்பெனியில் கூப்பிட்டுவிட்டார்கள். வராவிட்டால் வேறு ஆள் என்றார்கள். போனேன். திருமுல்லைவாயிலில் என் நாத்தனார் மடியில் அவள் பவுடர் பால் குடித்துக்கொண்டிருப்பாள். அம்பத்தூரில் நான் யாரோ வெள்ளைக்காரன் போடப்போகிற சட்டைக்குப் பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

பதினோரு மணிக்குப் பால் கட்டிக்கொள்ளும். கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடக்கும் துண்டுத் துணியைப் பொறுக்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வேன். அதுவும் நனைந்துவிட்டால் பாத்ரூமுக்குப் போய், சுவர் பக்கம் திரும்பி நின்று பீய்ச்சிவிட வேண்டும். சூப்பர்வைசர் கதவைத் தட்டுவார். "இன்னாமா, உள்ளயே குடித்தனம் பண்றியா?"

சாக்கடையில் போனது என் மகளுடைய பால். ஒரு மாதத்தில் அதுவும் வற்றிப்போனது. கடைசி நாட்களில் சாயங்காலம் வந்து மடியில் போட்டால், கவிதா முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டிலைத் தேடினாள்.

இதையெல்லாம் ஸ்டெல்லாவிடம் சொன்னேனா? இல்லை. புத்தி சொல்வது அதைவிடச் சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை நானே வேப்பிலை பறித்தேன். நானே அம்மியில் அரைத்தேன். பால் மறக்கடிக்க நம் பக்கம் செய்வதுதானே? மாரில் தடவினால் கசப்பு தாங்காமல் குழந்தை விட்டுவிடும். இரண்டு நாள் அழும், மூன்றாம் நாள் மறந்துவிடும். என் வீட்டுச் சட்னியைக்கூட நான் அவ்வளவு மையாக அரைத்ததில்லை.

அவர்கள் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கிண்ணத்தை நீட்டினேன்.

"இன்னிக்கேவா?" என்றாள் ஸ்டெல்லா.

"இன்னிக்கி வுட்டா அப்புறம் எப்போ? அது கல்யாணத்துக்கா?"

தடவிக்கொண்டாள். நான் என் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அந்தக் குழந்தை அழுவதைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தேன் — எழுதக் கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

ஜெனிஃபர் வந்தாள். மடியில் ஏறினாள். முந்தானையை விலக்கினாள். பச்சையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். வாயை வைக்கவே இல்லை.

"ம்மா, உனக்கு அம்மை போட்டுக்கீதா?"

போன கோடையில் கவிதாவுக்கு அம்மை வந்தபோது உடம்பெல்லாம் வேப்பிலை பூசியிருந்தேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனவள் இவள்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல், என்று நான் தலையை ஆட்டினேன்.

"ஆமாடி..."

"வலிக்குதா?"

"கொஞ்சமா."

குழந்தை குனிந்து ஊதினாள். உஃப்... உஃப்... "நான் தொடமாட்டேன். உனக்கு நல்லானப்பறம் குடிக்கிறேன், இன்னா?" முந்தானையை இழுத்து அவளே மூடிவிட்டாள்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, விட்டுவிட்டாள். எனக்குச் சந்தோஷம் வரவேண்டுமா இல்லையா? வரவில்லை. என் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. இவள் பிள்ளை போகும்போதுகூட ஊதிவிட்டுப் போகிறது. வயிற்றெரிச்சல் இன்னும் ஒரு படி ஏறியதுதான் மிச்சம்.

ஸ்டெல்லா எழுந்து பாத்ரூமுக்குள் போனாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. இரண்டு மூன்று செம்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, "அம்மை எறங்கிடுச்சுடி, வா" என்று மகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

"கோச்சிக்காதக்கா," என்றாள் என்னிடம். "சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போவட்டும். அதுவா எப்ப வுடுதோ, அப்ப வுடட்டும்."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வாசலில் கவிதா நின்றுகொண்டிருந்தாள். ஏழு வயது. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"ம்மா, நான் எப்பம்மா வுட்டேன்?"

"நீ வுடலடி. நான்தான் வுட்டேன்."

"ஏன்?"

"வேலைக்குப் போய்ட்டேன்."

என் கையிலிருந்த கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். "சாயங்காலம் வந்து குடுத்திருக்கலாம் இல்ல?"

கொடுத்தேன், நீதான் வேண்டாம் என்றாய்... இதை அவளிடம் எப்படிச் சொல்வது? "ஆமா, குடுத்திருக்கலாம்," என்றேன்.

கேட்காமலே புத்தி சொல்ல எவளாவது உங்கள் வீட்டுக்கு வந்தால், அவள் பிள்ளை எத்தனை மாதம் குடித்தது என்று முதலில் விசாரியுங்கள்.