பூ மருந்து நோட்டீஸ்

நான் எழுதியதை யாராவது ஒரு வரி பிசகாமல் ஒப்பித்துக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு என்று எதைக் கொண்டுவந்தாலும் அவர்கள் தமிழைக் கொஞ்சம் தட்டிக் கொட்டிச் சீராக்கித் தருவேன். கேட்காவிட்டாலும் தருவேன். என் ஆசையை நிறைவேற்றி வைத்தவர் என் அத்தான். அன்றைக்குப் பார்த்து எனக்கு அவர் வாயைப் பொத்தினால் தேவலை என்று இருந்தது.

அத்தானுக்கு ஊருக்கு வெளியே பிச்சிப்பூத் தோட்டம் இருக்கிறது. மொட்டில் புழு கண்டால் மருந்து அடிப்பார். மறுநாள் விடியுமுன் அக்கா அந்தச் செடிகளுக்குள் புகுந்து பூப்பறிப்பாள். சில மாதமாக அவளுக்கு ஓயாத தலைவலி. இரண்டு கையிலும் தடிப்பு, சாப்பிட்டது வயிற்றில் தங்குவதில்லை. கையுறை போடாமல் செடியைத் தொடாதே, மருந்து அடித்த பிறகு சில நாள் தோட்டப் பக்கமே போகாதே என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். ஆனால் பறிக்காமல் விட்டால் பூ மலர்ந்துவிடும். மலர்ந்த பூவைச் சந்தையில் சீந்துவார் கிடையாது. அதனால் அத்தான் "பாப்போம், பாப்போம்" என்றே நாளைக் கடத்தினார்.

அந்தச் சமயத்தில்தான் பூ மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் நோட்டீஸ் அடிக்க வந்தார். அவர் கொண்டுவந்த தாளில், "மருந்து பட்ட செடியைத் தொட்டால் தலைவலி, வாந்தி, தோல் தடிப்பு உண்டாகும்" என்று பளிச்சென்று இருந்தது. அதைச் சிவப்புப் பேனாவால் அடித்தார்.

"இது இருந்தா எவன் வாங்குவான் அண்ணாச்சி? பொய் சொல்ல வேண்டாம். வாசிக்கிறவனுக்கு லேசா ஒரு சந்தேகம் வந்தாப் போதும். ஒங்களுக்குத் தமிழ் பிரமாதமா வரும்னு சொன்னாங்க."

கடைசியாகச் சொன்னாரே, அதில்தான் விழுந்தேன். அக்கா தோட்டத்து மருந்தும் இதுதான் என்று தெரியாது என்றால் அது பாதி உண்மை. யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். நான் வாக்கியத்தை அல்லவா யோசித்துக்கொண்டிருந்தேன்! அடித்த வரிக்குக் கீழேயே எழுதினேன்: "இம்மருந்தால் உடல்நலம் கெடும் எனச் சிலர் கருதினும் அஃது இன்னும் உறுதிப்படவில்லை, வெயிலும் பசியும்கூடத் தலைவலி தரும் என்பதால் மேலும் ஆய்வு தேவை." அந்த வெயிலும் பசியும் என் சொந்தச் சரக்கு. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சிகரெட் விற்ற பெரிய கம்பெனிகளும் ஒரு காலத்தில் இதே வேலையைத்தான் செய்தன என்று பின்னால் படித்தபோது, நமக்கு இவ்வளவு பெரிய பரம்பரையா என்று கூசிப்போனேன்.

இரண்டு வாரம் கழித்து, கையுறை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அன்று காலைதான் அத்தான் மருந்து அடித்திருந்தார். என்னைக் கண்டதும் சட்டைப் பையைத் தட்டிக்காட்டி, நோட்டீஸை எடுக்காமலே ஒப்பித்தார், வெயிலும் பசியும் உட்பட.

"கேட்டீராவே மாப்ள? டாக்டரம்மா ஒண்ணு சொல்லுதாவ, படிச்சவுக வேற ஒண்ணு சொல்லுதாவ. ஒம்ம அக்கா வெறும் வயித்தோட போறா, அதான் தலவலிக்கி. ரெண்டு இட்லி தின்னுட்டுப் போனா எல்லாம் சரியாயிரும்."

"அத்தான், அந்தப் படிச்சவன் நான்தான். அத எழுதுனதே நான்தான்."

அத்தான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நீரா? அதுக்கு என்னவே ஆதாரம்? அதையும் ஆராயணும்லா!"

என் வித்தை என்னிடமே திரும்பி வந்தது. எரிச்சலோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. ஆனால் ஆதாரம் இருந்தது. அச்சகத்தில் நாங்கள் எந்தத் தாளையும் எறிவதில்லை, மேசை மேல் நிற்கும் கம்பியில் குத்திவைப்போம். மாப்பிள்ளை பெயரைத் தப்பாக அடித்துவிட்டாய் என்று சண்டைக்கு வருகிறவரிடம் அவர் கையெழுத்தையே காட்டலாம். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவிலிருந்து அந்தத் தாளை உருவிக்கொண்டு வந்தேன்.

சிவப்புக் கோடு போட்ட வரியை அத்தான் எழுத்துக் கூட்டுகிறவர் மாதிரி மெதுவாக வாசித்தார். தலைவலி, வாந்தி, தடிப்பு. பக்கத்தில் நின்ற அக்காவின் கையைப் பார்த்தார்.

"அப்போ கம்பெனிக்காரனுக்கே தெரியுமா?"

"தெரிஞ்சுதான் அந்த வரிய அடிச்சான் அத்தான். நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அத்தான் என்னைத் திட்டவில்லை. கையுறைப் பையைப் பிரித்து ஒன்றைத் தன் கையிலேயே மாட்டிப் பார்த்தார். "நாளைக்குப் பறிப்பு கெடயாது. மலந்தா மலந்துட்டுப் போவுது" என்றார்.

அக்கா தாளை வாங்கி, அடித்த வரியையும் அதன் கீழே என் கையெழுத்தையும் இரண்டு தரம் வாசித்தாள். வசவு வரும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவளோ சிரித்தாள்.

"நல்லாத்தாம்ல எழுதியிருக்க. போன வாரம் வெயிலும் பசியும்னு இவுக வாசிச்சுக் காட்டுனதும் எனக்கே தெம்பா இருந்துச்சு. அன்னைக்கு ரெண்டு பாத்தி கூடுதலாவே பறிச்சேன்லே."