அக்காவின் ஸ்கீயில் இருந்த நான்கு டேப் துண்டுகள்

நகத்தால் கிளப்பியதும் அந்தக் காகித டேப் எளிதாக உரிந்து வந்தது. ஒவ்வொரு ஸ்கீயின் பக்கவாட்டிலும் இரண்டு, மொத்தம் நான்கு துண்டுகள். ஒவ்வொன்றிலும் நீலப் பேனாவால் ஒரு சின்னக் கோடு. நான்கையும் உருட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். பசை இருந்த இடத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பிறகு என் குறிப்பேட்டில், 'ஒட்டியிருப்பவை அனைத்தையும் நீக்குதல்' என்று நானே எழுதியிருந்த மூன்றாவது வரிக்கு எதிரே ஒரு சரி போட்டேன்.

ஸ்கீக்கள் அக்காவுடையவை. அக்கா என்றால் பெரியம்மா மகள். என்னைவிட எட்டு வயது மூத்தவர். வேலை காரணமாக ஜப்பானின் வடக்கே இரண்டு குளிர்காலம் இருந்தபோது, பனிவெளியில் நெடுந்தூரம் போகும் ஸ்கீ பந்தயத்தைப் பழகிக்கொண்டு வந்தார். மலையிலிருந்து வழுக்கி இறங்கும் விளையாட்டு அல்ல இது. சமவெளியிலும் மேட்டிலும் காலை ஊன்றி, உந்தி உந்திப் போக வேண்டும். பனியே விழாத கிள்ளானுக்குத் திரும்பிய பிறகும் அவர் அதை விடவில்லை. ஞாயிறு காலைகளில் ஸ்ரீ கெம்பாங்கான் தொழிற்பேட்டைச் சாலையில், சக்கரம் வைத்த ஸ்கீயில், இரு கைகளிலும் கோலோடு போவார். பின்னால் நான் காரில், விளக்கைச் சிமிட்டவிட்டுக்கொண்டு ஊர்ந்து வருவேன். லோரிக்காரர்கள் பார்த்தால் சும்மா விடமாட்டார்கள். "அக்கா, பனி எத்தனை லோரி வேணும்? போன் போடுங்க, கொட்டிட்டுப் போறேன்!" என்று ஒருவர் கத்தினார். அக்கா கோலைத் தூக்கிக் காட்டி, "ஐஸ் கச்சாங் கடைக்குக் கொஞ்சம் மிச்சம் வெச்சிட்டுக் கொண்டாங்க அண்ணே!" என்றார்.

அந்த வருடம் அவர் ஒரே ஒரு பந்தயத்துக்காக ஜப்பானுக்குத் திரும்பிப் போவதாக இருந்தார். பதினைந்து கிலோமீட்டர். முன்பு ஒருமுறை அதே பந்தயத்தில் நேர வரம்புக்குள் முடிக்க முடியாமல் போனது அவருக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. "ஒரு தடவை டைமுக்குள்ள முடிச்சிட்டா போதும் லா. அப்புறம் சந்தோஷமா விட்டுடுவேன்" என்பார். பனியில் வழுக்கிப் போக ஸ்கீயின் அடிப்பரப்பில் மெழுகு பூசித் தயார் செய்யும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் நான். பட்டியல் போட்டுச் சரிபார்ப்பதே என் பிழைப்பு. "நீ செஞ்சா மறுபடி பாக்க வேண்டியதில்ல" என்று சொல்லித்தான் அக்கா அவற்றைக் கொடுத்தார்.

பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டில், இரண்டு நாற்காலிகளின் முதுகில் ஸ்கீயைக் கவிழ்த்து வைத்து வேலை செய்தேன். முதலில் மிருதுவான மெழுகை இஸ்திரிப் பெட்டியால் உருக்கித் தடவி, சூடு ஆறுமுன் சுரண்ட வேண்டும். பழைய அழுக்கு சாம்பல் நிறத்தில் அதோடு வந்துவிடும். பிறகு மறுபடி மெழுகு, இஸ்திரி. ஆறவிட்டுச் சுரண்டி, பிரஷ் போட வேண்டும். நம் ஊர் வெக்கையில் மெழுகு எங்கே இறுகும்? ஒவ்வொரு பூச்சுக்கும் படுக்கையறைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஏர்கானைப் பதினெட்டில் வைத்துக் காத்திருந்தேன். முனையிலிருந்து வால் வரை, ஒரு விரற்கடைகூட விடாமல், ஆறு பூச்சு. கடைசியில் அடிப்பரப்பில் கூரை விளக்கு தெரிந்தது.

வாங்க வந்த அக்கா தடவிப் பார்த்துச் சிரித்தார். "டேப் எங்க?"

"அழுக்கா இருந்துச்சுக்கா, எடுத்துட்டேன்."

"பரவால்ல. இடம் ஏறக்குறைய தெரியும்."

பந்தயத்தின் பதினோராவது கிலோமீட்டரில் நேரம் முடிந்துவிட்டது என்று அவரை நிறுத்திவிட்டார்கள். முதல் சில மேடுகளுக்குப் பிறகு, ஊன்றிய கால் ஒவ்வொரு முறையும் பின்னால் வழுக்கியதாம். கைகளாலேயே இழுத்து இழுத்துப் போயிருக்கிறார். "காலுல வலு போச்சு லா. என்னதான் ஊன்னாலும் நிக்கல" என்றார் திரும்பி வந்து. அடுத்த ஞாயிறு ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்.

நான்கு மாதம் கழித்து அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது, மெழுகுப் பெட்டிக்குள் மடித்திருந்த விளக்கத் தாள் விழுந்தது. என்னிடம்தான் சொந்தப் பட்டியல் இருந்ததே, அதனால் அதைப் பிரித்ததே இல்லை. அதில் ஒரு ஸ்கீயின் படம். முன்னும் பின்னும் வண்ணம் தீட்டியிருந்தது. நடுவில் இரண்டு கோடுகளுக்கு இடையே வெறுமை. வழுக்கும் மெழுகு இரு முனைகளுக்கு மட்டும். நடுப்பகுதி கால் ஊன்றும் இடம். பந்தயத்தன்று பனியைப் பிடிக்கும் வேறொரு பிசுபிசுப்பான மெழுகை அங்கே பூசுவார்கள். அடியில் வழுக்கும் மெழுகு இருந்தால் அது நிற்காது, சீக்கிரமே உரிந்து போய்விடும். டேப் துண்டுகள் அந்த எல்லையின் அடையாளம். எல்லையை எடுத்துப் போட்டுவிட்டு, நடுவிலும் ஆறு பூச்சு பூசியிருக்கிறேன்.

தொழிற்சாலையில் பிறர் செய்த தவறுக்கு அன்றைக்கே அறிக்கை எழுதுகிறவள் நான். இதை மூன்று ஆண்டுகள் சொல்லவில்லை. செய்தியாகத் தட்டச்சு செய்வேன், அழிப்பேன். கல்யாண வீடுகளில் யாராவது, "பனி விளையாட்டெல்லாம் என்னாச்சும்மா?" என்று கேட்டால், அக்கா "வயசாச்சு ஆன்டி" என்பார். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு. பக்கத்தில் உட்கார்ந்து இலையைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறேன். மெழுகு பூசியதை அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். தெரிந்தும் சொல்லாமல் இருந்ததை என்னவென்று சொல்வது?

போன மாதம் அக்கா அழைத்தார். அவர் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பெண் இந்தக் குளிர்காலப் பந்தயத்துக்குப் போகிறாளாம். ஸ்கீயைக் கொடுத்துவிடப் போகிறாராம். "அடிக்கு நீயே மெழுகு போட்டுக் குடு. நீ செஞ்சா மறுபடி பாக்க வேண்டியதில்ல."

கிள்ளானுக்குப் போய், அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். தாளையும் விரித்துக் காட்டினேன். அக்கா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப என் காலு நல்லாதான் இருந்துச்சா?"

"ஆமாக்கா" என்றேன்.

அவர் எழுந்து, ஸ்கீக்களைத் தரையில் இணையாக வைத்து, வெறுங்காலோடு ஏறி நின்றார். "அந்தப் பொண்ணுக்கு அவ வெயிட்டுக்குப் பாக்கணும். மொதல்ல எனக்குப் பாரு." ஆள் ஏறி நிற்கும்போது ஸ்கீயின் நடுப்பகுதி தரையை முழுதாகத் தொடாது. எடைக்கு ஏற்ப மாறும் அந்த இடைவெளியில் ஒரு காகிதத்தை விட்டு முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். அது நிற்கும் இடங்கள்தான் எல்லை. மண்டியிட்டு நகர்த்தினேன். நின்ற இடங்களில் டேப் ஒட்டி, நீலப் பேனாவால் கோடு போட்டேன்.

அக்கா குனிந்து பார்த்தார். "முந்தி எங்க இருந்துச்சு? இப்ப ரொம்ப மாறிடுச்சா?"

விரலால் பக்கவாட்டைத் தடவித் தேடினேன். பழைய பசையின் பிசுக்கு எங்கும் இல்லை. அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்தேன்.