அரைப்பேர் டிக்கட்டு

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருவது எனக்குத் தெரிவதற்கு முன்பே வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நான் அவரிடம் பேசுவது நாலு வீடு தள்ளிக் கேட்கிறதென்று பக்கத்துக் காம்பராக்காரி ஒருநாள் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வைத்துச் சொன்னாள்.

"நீ ஒம் புருசன வையுறதும் எங்களுக்குக் கேக்குது, கொஞ்சுறதும் கேக்குது. கொஞ்சம் மெதுவாத்தான் கொஞ்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்து குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு எப்போதும் கோபம் முதலில் வரும், யோசனை பிறகுதான் வரும். அன்றைக்கும் பாதி வழி வந்த பிறகுதான் யோசித்தேன், எப்போதிலிருந்து நான் இவரிடம் கத்திப் பேசத் தொடங்கினேன் என்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்க வருடங்கள் அவை. இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து எடுத்தேன். அவருக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கொழுந்து அரைக்கும் மெசின்களுக்கு நடுவே, எஞ்சினுக்குப் பக்கத்தில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் மெசின் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பார். தோட்டத்து டிஸ்பென்சர் ஏதோ சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். பிறகு, காது கேட்பது இனிக் குறையுமே தவிர ஏறாது, மெசினை விட்டு வந்துவிடு என்றார். ஸ்டோரை விட்டால் மலையில் புல்வெட்ட வேண்டும், அதற்குச் சம்பளம் குறைவு. தேயிலைக்கு விலை இல்லையென்று இருக்கிற சம்பளத்தையே வெட்டிக்கொண்டிருந்த காலம். அவர் மெசினடியிலேயே நின்றார்.

காது போவதைப் பற்றி அவர் அதிகம் புலம்பவில்லை. ஒரே ஒரு ஆசையைச் சொன்னார். அந்தப் பாட்டுக்காரரை ஒரு தடவை முழுசாக, கிட்ட இருந்து, கேட்டுவிட வேண்டும்.

அந்தப் பாட்டுக்காரர் இந்தியாவில் நாடக மேடையில் பாடிப் பேர் வாங்கியவர். அட்டன் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் அவருடைய கிராமபோன் தட்டு ஓடும். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் டவுனுக்குப் போனால் என் வீட்டுக்காரர் அந்தக் கடை வாசலில் நின்றுவிடுவார். துணி பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். அவர் தொட்டுப் பார்த்த துணியை எல்லாம் வாங்கியிருந்தால் நான் ராணி மாதிரி உடுத்தியிருப்பேன். கடை முதலாளிக்கும் விசயம் தெரியும். விரட்டமாட்டார், தட்டைத் திருப்பிப் போடச் சொல்வார். நல்ல மனிதர்.

அந்தப் பாட்டுக்காரர் முதல் தடவை அட்டனுக்கு வந்தபோது ரயில் பாதைக்குக் கீழே இருந்த தகரக் கொட்டகையில் கச்சேரி வைத்தார்கள். தோட்டத்து ஆட்கள் வரட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு வைத்தார்கள். தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று டிக்கட்டு. தரை டிக்கட்டுக்கு எனக்கு ஒரு பேர் போகும். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். செக்ரோல் பதிவேட்டில் பேர் விழுந்தால்தானே காசு. இடைவேளைக்குப் பிறகு வருகிறவர்களுக்குப் பாதி விலை என்று கொட்டகைக்காரர் வைத்திருந்தார். வெறுந்தரை காலியாகக் கிடக்கக் கூடாதென்று அவர் செய்த யோசனை அது. நாங்கள் அதற்கு அரைப்பேர் டிக்கட்டு என்று பேர் வைத்துவிட்டோம். மதியம் வரை வேலை செய்தால் அரைப்பேர், பாதிப் பாட்டுக் கேட்டால் அரை விலை. அதில் எங்களுக்கு ஒரு நியாயம் தெரிந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்கள் வேண்டுமென்றே இடைவேளைக்கு நடந்து வந்தார்கள்.

நாங்களும் அப்படித்தான் போனோம். பிள்ளைகளைப் பக்கத்துக் காம்பராவில் விட்டுவிட்டு, கொட்டகையின் கடைசியில் சாக்கு விரித்து உட்கார்ந்தோம். அப்போது என் வீட்டுக்காரருக்குப் பாதிக்கு மேல் கேட்டது. திரும்பி நடக்கும்போது வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தார். அவர் குரல் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் வாயை மூடச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் பாட்டுக்காரர் மறுபடி வருகிறார் என்று தெரிந்தபோது டிக்கட்டு ஏறியிருந்தது. தரைக்கே இரண்டு நாள் பேர் போகும். பெஞ்சு அதைவிடக் கூட. அதற்குள் இவருக்குத் தரையில் உட்கார்ந்தால் கேட்காது என்ற நிலை. பெஞ்சிலாவது உட்கார வேண்டும். அவர் காது ஒரு படி இறங்க, கொட்டகைக்காரர் விலை ஒரு படி ஏறிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில், அன்றே கையில் கொடுக்கிற கைக்காசுக்குக் கொழுந்து எடுத்துக் கொஞ்சம் சேர்த்திருந்தேன். இரண்டு பெஞ்சு டிக்கட்டுக்கு முழு விலையே இருந்தது. பொய் சொல்லவில்லை, முழு விலையும் என் முந்தானை முடிச்சில் இருந்தது.

ஆனாலும் எனக்குள் ஒரு கணக்கு. அரைப்பேருக்குப் போனால் மிச்சப் பணத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கம்பளி வாங்கலாம். அவரிடம் கொழுந்து நிறுக்கப் பிந்திவிடும் என்று சொல்லி, இடைவேளை நேரத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரிக் கூட்டிப்போனேன்.

டிக்கட்டுக் கொடுக்கும் ஓட்டைக்குள் ஒரு வாலிபர் இருந்தார். "ரெண்டு பெஞ்சு, அரை டிக்கட்டு" என்றேன்.

"அரை டிக்கட்டு இந்த வருசம் இல்லம்மா. முழுசாக் குடுங்க."

"பாதிப் பாட்டு முடிஞ்சு போச்சுங்களே?"

"முடிஞ்சதுக்கு நான் என்ன செய்ய? மொதல்லயே வந்திருக்கணும்."

எனக்குத் தலைக்கு ஏறியது. அந்த வாரம்தான் மழையில் கொழுந்து குறைந்துபோய், நிறுவையில் இரண்டு றாத்தல் போதாதென்று கணக்கப்பிள்ளை எனக்கு அரைப்பேர் போட்டிருந்தார். நாள் முழுக்க நனைந்தவளுக்கு அரைப்பேர். நாங்கள் குறைத்துக் கொடுத்தால் அவர்கள் வெட்டுவார்கள். அவர்கள் குறைத்துக் கொடுத்தால் மட்டும் முழுசா? இதை அப்படியே அந்த வாலிபரிடம் கேட்டேன். உரக்கவே கேட்டேன். பின்னால் நின்ற தோட்டத்து ஆட்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அது எனக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது.

அந்த வாலிபர் சலித்துக்கொண்டு சொன்னார்: "ஒங்க தோட்டத்துச் சட்டத்த தோட்டத்துல வச்சுக்கங்கம்மா. இஷ்டம்னா வாங்க, இல்லன்னா வழிய விடுங்க."

அந்த வார்த்தைக்குப் பிறகு நான் காசு கொடுப்பேனா? "எங்க காசு ஒனக்குக் கெடையாது" என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்தேன். வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி, கொட்டகைத் தகரத்தோடு ஒட்டி நின்றிருந்தார். உள்ளே ஆர்மோனியம் தொடங்கிவிட்டது. எனக்கு நன்றாகவே கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. நாங்கள் போட்ட சண்டையும் அவருக்குக் கேட்கவில்லை. வாய்கள் அசைந்ததைத்தான் பார்த்திருக்கிறார்.

"என்னா புள்ள, டிக்கட்டு இல்லயாமா?"

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சண்டை போட்டேன், அதனால்தான் போகவில்லை என்று அவர் காதில் கத்திச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கையை விரித்துக் காட்டி, "காசு பத்தலைங்க" என்றேன்.

அவர் என் தோளில் தட்டி, "வா, அடுத்த வருசம் பாத்துக்குவோம்" என்றார். டிக்கோயா வரைக்கும் நான் முன்னால் நடந்தேன், அவர் பின்னால் வந்தார். முடிச்சில் இருந்த காசு நடக்க நடக்க இடுப்பில் இடித்தது. திரும்பிப் போயிருக்கலாம். பாலத்தடி வரைக்கும் வந்த பிறகும் திரும்பியிருக்கலாம், பின்பாதியில் பாதியாவது கிடைத்திருக்கும். வீம்பு விடவில்லை.

அடுத்த வாரம் அந்தக் காசில் கம்பளி வாங்கினேன். அதற்கு ஏது காசு என்று அவர் கேட்கவில்லை.

அந்த ஒரு வருடத்தில் அவர் காது முக்கால்வாசி போய்விட்டது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குத் தப்படிப்பது அவருக்குக் கேட்காமல் போனது, நான் தொட்டு எழுப்பினேன். பேசுகிறவர்களின் வாயையே பார்க்கப் பழகிக்கொண்டார். துணிக்கடைக்குப் போனால் இப்போது தட்டு ஓடுகிற பெட்டியின் குழாய்க்குள் தலையைக் கொடுக்காத குறை. என்னிடம் மட்டும், "கிட்ட இருந்தா கேக்குது புள்ள, தூரத்துலதான் கேக்க மாட்டேங்குது" என்பார். நான் அதை நம்பினேன். நம்ப வேண்டியிருந்தது எனக்கு.

மூன்றாவது தடவை பாட்டுக்காரர் வந்தபோது தரையே இல்லை. கொட்டகை முழுக்க நாற்காலி போட்டுவிட்டார்கள். முதல் வரிசைக்கு ஒருத்தருக்கு என்னுடைய ஒரு வாரப் பேர் முழுசாகப் போகும். துணிக்கடை முதலாளியிடம் போய் நியாயம் கேட்டேன், அவர்தான் கொட்டகைக்காரருக்கு நெருக்கம்.

"கப்பல் கூலி, ரயில் கூலி, பக்கவாத்தியக்காரங்க, தங்குற எடம்னு எல்லாம் ஏறிப்போச்சும்மா" என்றார் அவர். "பாடுறவரும் இப்ப பெரிய ஆளு. தரையில ஒக்கார வச்சுக் கட்டுபடியாகாதுன்றாங்க. நீங்கள்லாம் வரணும்னு எனக்கும் ஆசதான்."

நான் சண்டை போடவில்லை. வீட்டில் பால் கொடுத்துக்கொண்டிருந்த வெள்ளாட்டைக் குட்டியோடு விற்றேன். "பாட்டுக் கேக்க ஆட்ட வித்தவ இந்த மலையிலேயே நீ ஒருத்திதான்" என்று அவர் திட்டினார். திட்டினாரே தவிர முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சவரம் செய்துகொண்டு, கல்யாண வேட்டியைக் கட்டிக்கொண்டார். மூன்று மணிக் கச்சேரிக்கு ஒரு மணிக்கே போய் உட்கார்ந்தோம்.

முதல் வரிசையில் தோட்டத்து ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பாட்டுக்காரர் உட்கார்ந்த மேடை எட்டித் தொடுகிற தூரம். அவர் எடுத்த எடுப்பில் உச்சிக்குப் போனார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. உடனே இவரைத்தான் பார்த்தேன். கண் இமைக்காமல் பாடுகிறவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கிறதா என்று உதட்டை அசைத்தேன். தலையை ஆட்டினார். பிறகு நாற்காலிக் கைப்பிடியில் விரலால் தாளம் போட ஆரம்பித்தார். மிருதங்கக்காரரின் கையைப் பார்த்துப் பார்த்துச் சரியாகவே போட்டார். என் நெஞ்சில் ஒரு வருடமாகக் கிடந்த பாரம் இறங்கியது. போன வருடத்துக்கு ஈடுகட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நீளமான பாட்டு. கொட்டகையே சொக்கிப்போய் இருந்தது. மற்றவர்களைப் பார்த்து இவரும் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படியொரு நிறைவு.

பாட்டு முடிந்தது. பாடியவர் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். இவருடைய விரல் நிற்கவில்லை. மூடிய கண்ணோடு, தலையை ஆட்டி ஆட்டி, டக் டக்கென்று கைப்பிடியில் தட்டிக்கொண்டே இருந்தார். அமைதியான கொட்டகையில் அந்தச் சத்தம் ஒன்றுதான் கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேடையில் இருந்தவரே செம்பும் கையுமாக எங்களைப் பார்த்தார்.

இவர் கைமேல் என் கையை வைத்து அழுத்தினேன். கண்ணைத் திறந்தார். மேடையைப் பார்த்தார், திரும்பிச் சிரிக்கிறவர்களைப் பார்த்தார், கடைசியில் என் முகத்தைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கு மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"அழுவாத புள்ள. போன வருசம் கேட்டிருப்பேன். கையில காசு இல்லாததுக்கு நீ என்ன செய்வ?"

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.