இருபது பேர்

மாதாந்திர வாசகர் கூட்டத்துக்கு இருபது பேராவது வராவிட்டால் கூட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். வருவதோ பதினோரு பேர். அதனால் ஊருக்கெல்லாம் அக்காவான நூலக உதவியாளர், பதினாறு வருடமாகப் பழைய பட்டியலைப் பார்த்தே வருகைப் பதிவேட்டை நிரப்பிவந்தாள்.

இன்று கூட்டத்தின் நடுவே சொல்லாமல் கொள்ளாமல் வந்த மேலதிகாரி பதிவேட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஐந்தாவது பெயர் தபால்காரருடையது. அவர் இறந்து இரண்டு மாதமாகிறது.

"எங்கே இவர்?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். தபால்காரரின் மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்காவின் வேலை போய்விடும். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்பதான் எழுந்து வெளிய போனாரு சார்," என்றாள் அந்த அம்மா, பக்கத்துக் காலி நாற்காலியில் கை வைத்தபடி. "பேரை அடிச்சிடாதீங்க."