எவ்வளவு நட்டம் தாங்குவீர்கள் என்று கேட்ட பக்கம்

கிருபா ஊருக்கு வருகிறாள் என்றால் இரண்டு நாளைக்கு முன்பே வைஜெயந்தியின் நடை மாறிவிடும். உப்பளத்துக்குப் போகிற வழியில் யாரைப் பார்த்தாலும் "தங்கச்சி வர்றா" என்பாள். எதற்கு என்று கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

வைஜெயந்தி எட்டாவதோடு நின்றவள். ஆனால் எழுத்து கண்ணில் பட்டால் விடமாட்டாள். மாத்திரை அட்டையின் பின்பக்கம், பேருந்துச் சீட்டு, ரேஷன் கடைப் பலகை, எதையும் வரி விடாமல் படிப்பாள். அவளும் இன்னும் நாலு பெண்களும் சேர்ந்து மரக்காணத்தில் ஆறு உப்புப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். எந்தப் பாத்திக்கு என்றைக்குத் தண்ணீர் பாய்ந்தது, எதை என்றைக்கு வாரவேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். "வைஜி படிச்சிட்டாளா?" என்று கேட்டுக்கொண்டுதான் மற்ற நாலு பேரும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவார்கள்.

கிருபா அவளுக்குப் பதினொரு வயது இளையவள். திண்டிவனத்தில் டிப்ளமோ படித்தாள். ஆரோவில்லில் ஒரு சின்ன அலுவலகத்தில் இணையப் பக்கம் வடிவமைக்கக் கற்றுக்கொண்டாள். இப்போது சென்னையில், போனிலேயே பங்கு வாங்கி விற்கும் ஆப் நடத்துகிற ஒரு கம்பெனியில் இருக்கிறாள். புதிதாக ஒருவர் அந்த ஆப்பில் சேரும்போது எந்தப் பக்கம் முதலில் வரும், என்ன கேள்வி கேட்கும், பட்டன் எங்கே இருக்கும் என்று தீர்மானிப்பது அவள் வேலை. பழைய முறையில் பத்துப் பேர் சேர வந்தால் ஏழு பேர் பாதியிலேயே ஓடிவிடுகிறார்களாம். ஆறு மாதம் உட்கார்ந்து அதை அக்கக்காகப் பிரித்து மறுபடி கட்டியிருந்தாள் கிருபா. திங்கள்கிழமை வெளியீடு. நன்றாகப் போனால் அவள்தான் டீம் லீட். இந்தச் செய்தி கீழ்புத்துப்பட்டில் இருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா வீடு வரைக்கும் எட்டிவிட்டது. எட்டவைத்தது வேறு யார்?

வெளியீட்டுக்கு முன்னால் கடைசியாக ஒரு சோதனை பாக்கி. இந்த மாதிரி ஆப்பைத் தொட்டே பார்க்காதவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கவேண்டும். "நம்ம பாத்தியிலயே நாலு பேர் இருக்காங்களே" என்றாள் வைஜெயந்தி.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு உப்பு வாரி முடித்து எல்லோரும் பாத்தியோரக் கொட்டகைக்கு வந்தார்கள். வெளியே பாத்திகளில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. கிருபா மடிக்கணினியை ஒரு கவிழ்த்த கூடைமேல் வைத்திருந்தாள். சோதனைக்கு என்று தனி போன். அதில் போட வேண்டிய எண்களெல்லாம் பொய் எண்கள், ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தாள்.

"யாரும் சொல்லித்தரக் கூடாது. நீயும் வாயத் தொறக்கக் கூடாதுக்கா."

"நான் எதுக்குடி தொறக்கப் போறேன்?"

"நீ தொறப்பே."

முதலில் விருத்தாம்பாள். ஐம்பத்தெட்டு வயது, ஐந்தாவது வரை படிப்பு. விரலை வைத்தாள். போன் அசையவில்லை. மறுபடி வைத்தாள். இல்லை.

"உப்புல காய்ச்சுப்போன விரலு, போனுக்கே அடையாளம் தெரியல" என்றாள் சவரியம்மாள். அந்தக் கூட்டத்தில் வாய் அவளுக்குத்தான்.

விருத்தாம்பாள் விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி வைத்தாள். திரை ஓடத் தொடங்கியது. பக்கத்துக்கு ஒரே கேள்வி, கீழே கட்டைவிரல் எட்டும் இடத்தில் பெரிய பச்சைப் பட்டன். தொட்டாள், நகர்ந்தது, தொட்டாள், நகர்ந்தது. கடைசியில் திரை முழுக்கப் பூத்தூவல். "வாழ்த்துகள்! எல்லாப் பிரிவுகளும் உங்களுக்காகத் திறந்துவிட்டன!"

ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி.

வைஜெயந்திக்கு வாய் பிளந்துவிட்டது. இ-சேவை மையத்தில் ஒரு விண்ணப்பத்துக்கு அரை நாள் நின்று, "நாளைக்கு வாங்க" என்று திரும்பி வருகிற விருத்தாம்பாள்! அடுத்து சவரியம்மாள், பிறகு மற்ற இருவர். ஒருவர்கூட மூன்று நிமிடத்தைத் தாண்டவில்லை, ஒருவர்கூடப் பாதியில் விடவில்லை. "பார்த்தீங்களா, என் தங்கச்சி செஞ்சது" என்று சொல்ல வாயெடுத்தவள், கிருபாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கிருபா மடிக்கணினியையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"ஆறாவது பக்கத்துல நாலு பேரும் ஒரே பதில அமுக்கியிருக்காங்கக்கா."

ஆறாவது பக்கம் இப்படிக் கேட்டது: போடுகிற பணத்தில் எவ்வளவு நட்டத்தைத் தாங்குவீர்கள்? கொஞ்சம், கால்வாசி, பாதி, முழுவதும். நாலு பேரும் தொட்டிருந்தது "முழுவதும்".

"படிக்காம அமுக்கிட்டாங்கடி" என்றாள் வைஜெயந்தி. "போன இப்படிக் குடு. நான் படிச்சுப் போடறேன், பாரு."

வாங்கிக்கொண்டு ஒவ்வொரு வரியையும் உதடு அசையப் படித்தாள். அடியில் எறும்பு எழுத்தில் இருந்ததையும் திரையைப் பெரிதாக்கிப் படித்தாள். ஆறாவது பக்கத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு நிதானமாகத் தொட்டாள். கிருபா எட்டிப் பார்த்தாள்.

முழுவதும்.

"அக்கா! நீயுமா? ஏன்?"

"கேட்டதுக்கு உண்மையத்தானே சொல்லணும்? போன வைகாசியில ஒரே மழை. வாரி அம்பாரம் போட வேண்டிய உப்பு, ஆறு பாத்தியும் கரைஞ்சு தண்ணியாப் போச்சு. தாங்கினோமா இல்லியா?"

"அதுக்கு முந்தின வருஷமும் போச்சு" என்றாள் விருத்தாம்பாள்.

"போனா போவுது பாப்பா" என்று சவரியம்மாள் கையை விரித்தாள். "தண்ணி எங்கயும் போவல, வெயிலும் போவல. பாத்திய மிதிச்சு மட்டம் பண்ணி விட்டா, பத்துப் பதினஞ்சு நாள்ல மறுபடியும் உப்பு பூத்துட்டு நிக்கும்."

கிருபா அக்காவின் கையிலிருந்து போனை வாங்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இது பூக்காது பெரியம்மா. போனா போனதுதான். திரும்ப வராது."



"திரும்பவே வராதா?" என்றாள் விருத்தாம்பாள்.

"வராது."

"அப்புறம் எதுக்குத் தாங்குவியா தாங்குவியான்னு கேட்டே?"

கிருபா விருத்தாம்பாளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்காவைப் பார்த்துத்தான் சொன்னாள்: "ஷேர் வாங்கி வச்சா ஏறும், இறங்கும், கொஞ்சமாவது கையில நிக்கும். கடைசியில தொறந்துச்சே ஒரு பிரிவு, அது அப்படியில்ல. இன்ன தேதிக்குள்ள ஏறும், இறங்கும்னு சொல்லிக் கட்டுறது. தப்பாயிட்டா மொத்தமும் போச்சு. முழுவதும்னு தொடறவங்க இதுல பழம் தின்னு கொட்டை போட்டவங்களாத்தான் இருப்பாங்கன்னு நெனச்சேன். அதான் நேரா அந்தக் கதவத் தொறந்து விட்டேன். கட்டினது நான்தான்க்கா."

வைஜெயந்தி தங்கையின் கையிலிருந்த போனைப் பார்த்தாள். வரிவரியாகப் படித்தவள் அவள். எறும்பு எழுத்தையும் விடாதவள். பூத்தூவல் வந்தபோது தனக்குள் மகிழ்ந்ததும் அவள்தான்.

கிருபா அங்கேயே உட்கார்ந்து அந்தப் பக்கத்தை மாற்றினாள். "இதில் போடும் பணம் திரும்ப வராமல் போகலாம். அப்படிப் போனால் உங்கள் வீட்டில் எந்தச் செலவு நின்றுபோகும்?" பதில்கள் எதுவும் தரவில்லை. அவரவரே எழுதவேண்டும், அல்லது சொல்லவேண்டும். எழுதாமல் பச்சைப் பட்டன் எரியாது. போனை மறுபடி விருத்தாம்பாளிடம் கொடுத்தாள்.

விருத்தாம்பாள் அந்தப் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். "மருமவளுக்கு ஏழாம் மாசம்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு போனை நீட்டினாள். "எனக்கு வேணாம் பாப்பா." சவரியம்மாளும் அந்தப் பக்கத்தோடு திருப்பிக் கொடுத்தாள். மற்ற இருவர் வாங்கவே இல்லை.

நாலுக்கு நாலு பேரும் பாதியிலேயே விலகிவிட்டார்கள். கம்பெனிக்கு இது என்ன மாதிரி கணக்கு என்பது எட்டாவது படித்த வைஜெயந்திக்கே தெரிந்தது. தங்கையைத் தள்ளிக்கொண்டுபோய்க் கேட்டாள்:

"இப்ப என்ன அனுப்பப் போற?"

"ரெண்டு சோதனையையும்."

"ரெண்டாவது எதுக்குடி? மொதல்ல செஞ்சத மட்டும் அனுப்பு. லீட் ஆனப்புறம் நீயே மாத்திக்க. இவங்க என்ன, ஆப்புல சேரவா போறாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. இதுவரை யாரிடமும் ஒரு வரி மறைத்துப் பழகாதவள். முகம் சுட்டது.

கிருபா கோபப்படவில்லை. "இவங்க சேரலன்னா, இவங்கள மாதிரி இன்னொருத்தங்க சேருவாங்க" என்றாள். அனுப்பிவிட்டாள்.

அரைமணி நேரத்தில் மேலதிகாரி விஜயகுமாரின் அழைப்பு வந்தது. கொட்டகைக்குப் பின்னால் போய், அக்கா கேட்கட்டும் என்று கிருபா ஸ்பீக்கரில் போட்டாள்.

"கிருபா, நாலே பேர், அதுவும் உப்பளத்துல. இவங்களா நம்ம கஸ்டமர்?"

"மூணு நிமிஷத்துக்குள்ள கஸ்டமர் ஆயிட்டாங்களே சார்."

"திங்கட்கிழமை தேதிய மாத்த முடியாதும்மா. இருக்கிறது இருக்கிறபடி போவட்டும். நீ சரின்னு ஒரு மெயில் போடு, மத்தத அப்புறம் பார்த்துக்கலாம்."

"ஆறாவது பக்கம் அப்படியே போறதா இருந்தா நான் சரின்னு எழுத மாட்டேன் சார்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுதில்ல? உன் டீம்ல இருக்கற மணிகண்டன் எழுதிடுவான். லீடும் அவன்தான்."

"தெரியுது சார்."

வைஜெயந்தி கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். குறுக்கே விழுந்து ஏதாவது பேசலாமா என்றுகூடத் தோன்றியது. இந்தப் பெண்ணா, அரசு பஸ்ஸில் சில்லறை கேட்கக் கூச்சப்பட்டு இறங்கி வந்தவள்?

"அந்தப் புதுப் பக்கத்த அனுப்பி வை" என்றார் விஜயகுமார் கடைசியில். "போடறேன்னு சொல்லல. பார்க்கறேன்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. கிருபா போனைப் பையில் போட்டுவிட்டுச் செம்பில் இருந்த தண்ணீரை முழுக்கக் குடித்தாள். 

கொட்டகைக்குள் நாலு பெண்களும் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் காத்திருந்தார்கள்.

"என்ன வைஜி? பாப்பா பெரிய ஆபீசர் ஆயிட்டாளா?" என்று கேட்டாள் விருத்தாம்பாள்.

"இல்ல. கைக்கு வந்தது போச்சு."

சவரியம்மாளுக்கு முதல் தடவையாக விளையாட்டு வரவில்லை. "எங்களாலயா?"

"உங்களால இல்ல" என்றாள் வைஜெயந்தி. குரல் தேவைக்குமேல் உரக்க வந்தது. "அவளே வேணாம்னுட்டா. எம் முன்னாடிதான் சொன்னா. மேலதிகாரிகிட்டயே, நேராவே."