ஊரே பார்த்த கவ்வி

காப்புரிமை வழக்கறிஞர் என்றால் என்ன என்று யாரும் என்னிடம் அதிகம் கேட்பதில்லை. ஒரு ஞாயிறு மதியம், லிட்டில் இந்தியா உணவகத்தில் என் எதிரில் உட்கார்ந்த கப்பல் பட்டறை ஊழியர் கேட்டார். சொன்னதும் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வெல்டிங் செய்யும்போது குழாய் நழுவாமல் பிடிக்கும் கவ்வி ஒன்றை அவரே செய்திருந்தார். நல்ல யோசனை.

"இத வேற யாருக்காவது காட்டினீங்களா?"

"ஊர்ல வீட்ல பாக்கட்டும்னு ரெண்டு வருஷம் முன்னாடியே நெட்ல வீடியோ போட்டேன் சார். ஊரே பாத்துச்சு."

விண்ணப்பிக்கும் முன்பே இவ்வளவு காலம் எல்லாரும் பார்த்துவிட்டதால் இனி காப்புரிமை கிடைக்காது என்றேன். அவர் கைபேசியை மேசைமேல் வைத்தார்.

"செஞ்சத வீட்ல காட்டாம எப்படி சார் இருக்கிறது?"

விண்ணப்பிக்கும் வரை பிறருடைய கண்டுபிடிப்புகளை ரகசியமாகக் காப்பது என் தொழில். இருபது வருடங்களாக வேலையைப் பற்றி வீட்டில் நான் வாய் திறந்ததில்லை. முதலில் மனைவி கேட்டுப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். இப்போது நாங்கள் வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசுவதில்லை.

அவர் அங்கேயே ஊரில் இருக்கும் மனைவியை வீடியோவில் அழைத்தார். "கிடைக்காதாம்" என்றார். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது, அவரும் சிரித்தார். பேச்சு பிள்ளையின் காய்ச்சலுக்குப் போனது. நான் கை கழுவிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தேன்.