முதுகைப் பார்க்க ஓர் ஆள்

வெங்காயத் தாளில் மருந்து நிற்காது. தாள் வழுவழுவென்று இருப்பதால் அடிக்கிறதெல்லாம் உருண்டு தரைக்குப் போய்விடும், இலைப்பேன் சௌக்கியமாக இருக்கும். அதற்காகத் தென்காசிப் பூச்சிமருந்துக் கடைக்காரர் ஒரு சின்ன பாட்டிலில் சிலிக்கான் பசை கொடுத்தார். டேங்கில் மருந்தைக் கலக்கிவிட்டுக் கடைசியில்தான் இதை விட வேண்டும், முதலில் விட்டால் நுரைத்துத் தள்ளும், அளவு கூடினால் தாள் கருகும் என்றார். இலையில் பரவுவது போலத் தோலிலும் பரவும், மேலே படக் கூடாது என்றும் சொன்னார். அதை மட்டும் நான் காதில் வாங்கவில்லை. போலீசில் இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இவர் சொல்லித் தருவதா என்கிற திமிர்.

என் மனைவி இருந்தவரை, நான் மருந்து அடிக்கும்போது வரப்பில் நிற்பாள். முதுகில் மாட்டிய டேங்க் கசிந்தால் முதுகு நனைகிறது, இறக்குங்கள் என்று சத்தம் போடுவாள். எனக்கு எரிச்சலாக வரும். அவள் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. குற்றாலச் சாரல் ஓய்ந்து வெயில் அடித்த ஒரு காலையில் தனியாக அடித்தேன். முதுகு ஈரத்தை வியர்வை என்று நினைத்தேன். வீட்டில் சட்டையைக் கழற்றியபோதுதான் மருந்து வாடை அடித்தது. சோப்புப் போட்டுக் குளித்தும் நடு முதுகுக்குக் கை எட்டவில்லை. இரண்டு நாள் எரிந்தது. ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்தார்கள். அதைத் தடவிவிட ஆள் இல்லை என்பதுதான் எரிச்சலைவிட வலித்தது.

பெங்களூரில் இருக்கும் மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அங்கே வந்துவிட வேண்டும். அவள் வீட்டின் எட்டாவது மாடியில் நான் என்ன செய்வேன்?

அடுத்த முறை டேங்க் மூடிக்குப் புது வாஷர் போட்டேன். முழுக்கைச் சட்டை, முகக்கவசம், கையுறை எல்லாம் ஆயிற்று. ஆனாலும் நாலு பாத்தி முடிந்ததும் முதுகு குளிர்ந்தது. வியர்வையா மருந்தா என்று தெரியவில்லை. பயந்துவிட்டேன்.

பக்கத்து வயல்காரர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வரப்புத் தகராறில் ஆறு வருஷமாக எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. நேரே போய் அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"நனைஞ்சிருக்கான்னு கொஞ்சம் பாருங்க."

அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து, டேங்கைச் சுற்றிக் குனிந்து பார்த்தார்.

"மருந்து இல்ல அண்ணாச்சி, வேர்வைதான். மூடி காஞ்சு கெடக்கு. நீங்க அடிங்க, நான் இங்கனதான் நிக்கேன்."

கண் நிறைந்துவிட்டது. மருந்துக் கையுறையோடு கண்ணைத் துடைக்கக் கூடாது. அப்படியே அடுத்த பாத்திக்குப் போனேன்.